மெஷின் வந்தாச்சு, வரிசை மட்டும் அப்படியே!

புற்றுநோய் சிகிச்சை பற்றி எங்கே பேச்சு ஆரம்பித்தாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். "புது மெஷின் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்." மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார். மறுநாள் பேப்பரில், வெள்ளை வெளேர் என்று பளபளக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் பக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிற போட்டோ வரும். எத்தனை கோடி என்பது தலைப்பிலேயே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே வராண்டாவில், அதே பெஞ்சில், அதே கூட்டம் உட்கார்ந்திருக்கும். அதைப் போட்டோ எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

மெஷின் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பத்து லட்சம் மக்களுக்கு ஒரு கதிர்வீச்சுக் கருவி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அதன்படி இந்தியாவுக்கு 1400-க்கு மேல் வேண்டும். இருப்பது ஏறக்குறைய பாதி. ஆக பற்றாக்குறை நிஜம். ஆனால் அந்தப் பற்றாக்குறையையே சாக்காக வைத்துக்கொண்டு, இருக்கிற மெஷினை ஒழுங்காக ஓட்டுவது எப்படி என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லையே, அதுதான் இங்கே பிரச்சினை.

முதலில் ஒரு மனக்கணக்கு. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைதான்). கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஜிப்மர் இருக்கிற கோரிமேடு அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர்களோடு ஒப்பிட்டால் இவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. இந்த நோய்க்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு, அதாவது ஜனங்க சொல்கிற 'கரண்ட்', வாரத்துக்கு ஐந்து வீதம் 25 தடவை. அதன் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் சிகிச்சை சில தடவை. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. எட்டு வாரம் என்றால் 56 நாள்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதாவது அந்த வீட்டில் கூட வந்து போக ஒரு ஆள் சும்மா இருக்கும் காலம் வருஷத்தில் 61 நாள்தான். சிகிச்சைக்கு 56 போனால் மிச்சம் ஐந்து. ஸ்கேன், பிளானிங், கையெழுத்து, மெஷினில் இடம் எல்லாமே அந்த ஐந்து நாளில் நடக்க வேண்டும். நான்கு வாரம் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும்? சிகிச்சை பாதியில் இருக்கும்போது படகு கிளம்பிவிடும். துணைக்கு ஆள் இருக்காது. ஒரு நாள் வரமாட்டார், பிறகு இரண்டு நாள். ஃபைலில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவார்கள். ஒத்துழைக்காதது யார்?

'ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப்போனா என்ன குடியா மூழ்கிடும்?' என்று கேட்பவர்களுக்காக இந்தப் பத்தி. ஆம், மூழ்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் எட்டு வாரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும், கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்பது 1990-களிலேயே பல ஆய்வுகளில் தெரிந்துவிட்ட விஷயம். வாய், தொண்டைப் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதே கதை. காரணத்தை 1988-லேயே விதர்ஸும் சக ஆய்வாளர்களும் எழுதிவிட்டார்கள். சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் கழித்து, சாகாமல் மிச்சமிருக்கும் புற்றுசெல்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அதைச் சமாளிக்க மட்டுமே நாளைக்கு 0.6 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு வீணாகிறது என்பது அவர்களின் கணக்கு. தினமும் கொடுப்பதே வழக்கமாக 2 கிரேதான். மெஷின் ரிப்பேர் என்று ஒரு நாள் திருப்பி அனுப்பினால் அன்றைக்கும் அந்த வட்டி ஏறும். கந்துவட்டிக்காரனாவது ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டமாட்டான், இது ஞாயிறும் தட்டும்.

ஆரம்பிப்பதற்கு முன் ஆகும் தாமதமும் இலவசம் இல்லை. 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, தலை-கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்றது. வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் பாக்கெட் என்று வாய்ப் புற்றுநோய் மலிந்த நாட்டில் இந்த ஒரு எண்ணைக் காத்திருப்போர் அறையில் பெரிதாக எழுதி மாட்டலாம். மாட்டமாட்டார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த நான்கு வாரம் எங்கே போகிறது? மெஷினுக்குள்ளா? இல்லவே இல்லை.

ஒரு நோயாளிக்கு என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். அசையாமல் படுக்க வலை மாதிரி ஒரு முகமூடியோ அச்சோ செய்கிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகக் கட்டி எது, காப்பாற்ற வேண்டிய உறுப்பு எது என்று கோடு போட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம். பிசிசிஸ்ட் உட்கார்ந்து எந்தப் பக்கமிருந்து எவ்வளவு என்று பிளான் போட வேண்டும். அதற்குச் சில மணி நேரம். டாக்டர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மெஷினில் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மனிதர்கள் உண்மையில் வேலை செய்கிற நேரம் பத்து மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். மீதி நாட்கள் முழுக்க ஃபைல் மேஜையில் தூங்குகிறது. கோடு போட வேண்டிய டாக்டர் ஓ.பி.யில் இருக்கிறார். ஓ.பி. முடிந்தால் வார்டு, வார்டு முடிந்தால் மீட்டிங். பிசிசிஸ்ட் ரெடி, ஆனால் கோடு வரவில்லை. கோடு வந்த நாளில் பிசிசிஸ்ட் லீவு. இதில் கோடிக்கணக்கில் மெஷின் வாங்கி எந்த இடத்து அடைப்பு திறக்கப் போகிறது?

வைத்திக்குப்பத்து மீனவரிடம் போய், ஐஸ் இல்லாத இடத்தில் இரண்டாவது படகு வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கரைக்கு வரும் மீன் இரண்டு மடங்கு ஆகும், அழுகுவதும் இரண்டு மடங்கு ஆகும் என்று சிரிப்பார். இந்தச் சாதாரண விஷயம் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் புரிவதில்லை.

இன்ஜினியரிங் படிக்கிற நண்பர்களுக்கு க்யூயிங் தியரி என்று ஒரு பேப்பர் இருக்குமே, அரியர் வைப்பதற்கென்றே கண்டுபிடித்த மாதிரி. டென்மார்க்கின் எர்லாங் 1909-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் போட்ட கணக்கு அது. அதன் மிக எளிய மாடலில், மெஷின் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள். 90 சதவீதம் என்றால் 9 பேர். 95 சதவீதம் என்றால் 19 பேர். 80-லிருந்து 95-க்குப் போனது 15 புள்ளிதான், கூட்டம் ஐந்து மடங்கு. ஆஸ்பத்திரி அசல் வாழ்க்கை இந்த மாடலைவிடச் சிக்கலானது, சந்தேகமில்லை. ஆனாலும் 'எங்க மெஷின் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காது' என்று பெருமையாகச் சொல்வது, வெளியே கூட்டம் தேங்கிக் கிடக்கிறது என்பதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால்தான் ரிப்பேர் ஆன மறுநாள் விட்டுப்போனவர்களைச் சேர்த்துப் பார்க்க முடியும்.

இன்னொரு வேடிக்கை, எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்வது. அறுபது பேர் எட்டு மணிக்கு வந்தால் அறுபதாவது ஆள் மத்தியானம் தாண்டித்தான் உள்ளே போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன்? மெஷின் சும்மா இருந்துவிடக் கூடாதாம். நோயாளியின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது. நார்மன் பெய்லியும் வெல்ச்சும் 1952-லேயே லான்செட்டில் இதைப் போட்டு உடைத்தார்கள். முதலில் ஒன்றிரண்டு பேரைச் சேர்த்து வரச் சொல்லி, பிறகு ஒவ்வொருவராக நேரம் கொடுத்தால் டாக்டரும் சும்மா இருக்கமாட்டார், நோயாளியும் காய வேண்டியதில்லை என்றார்கள். எழுபது வருஷம் ஓடிவிட்டது. சினிமா டிக்கெட்டுக்கு சீட் நம்பர் வந்தாச்சு, கோயிலில் தரிசன டோக்கனுக்கு நேரம் வந்தாச்சு. கரண்டுக்கு மட்டும் இன்னும் 'காலையிலேயே வந்துடுங்க'.

நேரம் தெரியாமல் இருப்பதில் மருத்துவக் கேடும் உண்டு. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கும்போது பல நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கொஞ்சம் மேலே ஒதுங்கித் தப்பிக்கும், பிளான் போட்ட அன்று இருந்த மாதிரியே உறுப்புகள் இருக்கும். இதற்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் குறிப்பிட்ட அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாதவர் எப்போது குடிப்பார்? ஒன்று, அடக்க முடியாமல் போய்விட்டு வருவார். அல்லது பயந்துகொண்டு குடிக்காமலே படுப்பார். டேபிளில் படுத்த பிறகு 'பை நிறையலை, போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா' என்று இறக்கி விடுவார்கள். ஒரு ஸ்லாட் போச்சு. பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் தள்ளிப் போனார்கள். தமிழில், பெரிய எழுத்தில், 'உங்கள் நேரம் 11.20, 10.30-க்கு இத்தனை டம்ளர் தண்ணீர்' என்று ஒரு சீட்டு. செலவு காகித விலை. இதற்கும் டெண்டர் விட வேண்டுமா?

கோபால்ட் மெஷின் கதையையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் கருவி வந்தது, ஆசியாவுக்கே முன்னோடியாக. ஏழை நாட்டுக்குப் பொருத்தமான உறுதியான கருவி, இன்றும் பல ஊர்களில் உயிர் காக்கிறது. ஆனால் கோபால்ட்-60 தானாகத் தேய்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம். 5.27 வருஷத்தில் சக்தி பாதி. புது சோர்ஸில் ஒருவருக்கு 3 நிமிஷம் கதிர் கொடுத்தால் போதும் என்றால், ஐந்தேகால் வருஷம் கழித்து அதே ஆளுக்கு 6 நிமிஷம். அறுபது பேருக்கு 180 நிமிஷம் 360 ஆகிறது. எந்த நோயாளியும் கூடவில்லை, எந்த ஊழியரும் குறையவில்லை, ஆனால் நாள் மூன்று மணி நேரம் நீண்டுவிட்டது. சோர்ஸ் என்றைக்குப் பாதியாகும் என்பது அது வந்து இறங்கிய தினமே தெரியும். காலண்டரில் குறித்துவிடலாம். அப்படியும் 'சோர்ஸ் வீக் ஆயிடுச்சு, அதான் லேட்' என்பதை ஏதோ புயல் வந்துவிட்ட மாதிரி சொல்வது நியாயமா?

இப்போது லீவு விஷயம். இதுதான் எல்லாவற்றையும்விடக் கோபம் வர வைப்பது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் விதி, வேகமாக வளரும் புற்றுநோய்களில் மொத்த சிகிச்சைக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. பண்டிகை லீவு, ரிப்பேர் என்று விட்டுப்போனால் சனி, ஞாயிறில் கொடு, அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடு என்கிறது. இப்போது புதுச்சேரி காலண்டரை எடுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். ஆகஸ்ட் 16, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1962-ல் சட்டப்படி கைமாறிய தினம், அதுவும் இங்கே அரசு விடுமுறை. 2024-ல் இந்த இரண்டும் வியாழன், வெள்ளியில் வந்தன. பின்னாலேயே சனி, ஞாயிறு. யூனியன் பிரதேச லீவுப் பட்டியலை அப்படியே பின்பற்றும் ஒரு சிகிச்சை மையம் இருந்தால், தொடர்ந்து நான்கு நாள் கதவு மூடல். பிரிட்டன்காரன் ஏழு வார சிகிச்சை முழுவதற்கும் சேர்த்து அனுமதிக்கும் இரண்டு நாள், ஒரே மூச்சில் காலி. தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை எல்லாம் இன்னும் பாக்கி.

(மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தொடங்கி எத்தனையோ ஊர்ச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். அத்தனை சாமியையும், பின்னால் வரும் ஜனக்கடலையும், போலீஸும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சமாளித்து அனுப்புகிறார்கள். நம்மால் வரிசையை நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

'சனிக்கிழமை வேலை பார்த்தால் அப்படி என்ன கிழித்துவிடும்?' என்று கேட்கலாம். கிழித்துக் காட்டியிருக்கிறார்கள். டென்மார்க்கில் தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு தடவை கொடுத்தார்கள். மொத்த அளவு அதே, மெஷின் அதே, ஒரு வாரம் முன்னதாக முடிந்தது, அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 60-லிருந்து 70 சதவீதம் ஆனார்கள். 2003-ல் லான்செட்டில் வந்தது. அது பணக்கார நாடு, நம்மூருக்கு ஒத்துவராது என்பார்களே என்று, சர்வதேச அணுசக்தி முகமை அதே சோதனையை ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளில் ஒன்பது மையங்களில், 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தியது. 2010-ல் முடிவு வந்தது: 30 சதவீதம், 42 சதவீதமாக உயர்ந்தது. வாய்ப்புண் கொஞ்சம் கூடுதல், நீண்டகாலப் பாதிப்பு கூடவில்லை. புது மருந்து ஒன்று இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் கம்பெனிக்காரன் ஊசிக்கு லட்ச ரூபாய் விலை வைத்து விளம்பரம் செய்திருப்பான். இங்கே மருந்தின் பெயர் 'சனிக்கிழமை'. அதை விற்க மெடிக்கல் ரெப் கிடையாது.

அதேபோல்தான் தேவையில்லாத கரண்டைக் குறைப்பதும். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு 8 கிரே ஒரே தடவை கொடுத்தாலே பத்துத் தடவை கொடுத்த அளவுக்கு வலி குறைகிறது என்பது பலமுறை நிரூபிக்கப்பட்டது. (சிலருக்கு மறுபடி ஒரு தடவை தேவைப்படலாம், அதையும் சேர்த்தாலும் இரண்டுதான்.) மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வாரம் கொடுத்து வந்ததை மூன்று வாரம் போதும் என்று பிரிட்டன் காட்டியது. 2020-ல் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு ஒரே வாரத்தில், ஐந்தே தடவையில் முடிக்கலாம் என்றது. 25 தடவை 15 ஆனாலே அந்த நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் மெஷின் நேரத்தில் 40 சதவீதம் மிச்சம். யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பொருந்துகிறவர்களுக்கும் பழைய பழக்கத்திலேயே ஐந்து வாரம் கொடுத்தால், அந்த இடத்துக்காக வெளியே ஒருவர் காத்திருந்து கெட்டுப்போகிறார். சில தனியார் இடங்களில் ஒவ்வொரு கரண்டுக்கும் தனி பில் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் மட்டும் உருப்படியானது. 'வேகம் வேகம் என்றால் தப்பு நடக்கும். இது கதிர்வீச்சு, பரோட்டா கடை இல்லை.' உண்மை. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு தெராக்-25 தெரிந்திருக்கும். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு. ஆபரேட்டர் வேகமாகத் திருத்தி டைப் செய்தபோது சாஃப்ட்வேர் குழம்பியது அதில் ஒரு காரணம். பனாமாவில் 2000-2001-ல் நடந்ததும் அப்படியே. பிளானிங் சாஃப்ட்வேர் நான்கு தடுப்புக் கட்டைகளைத்தான் ஏற்கும். அதற்கு மேல் தேவைப்பட்டபோது ஊழியர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் தப்பான நேரம் காட்டியது. கையால் சரிபார்க்க யாரும் இல்லை. 28 பேருக்கு அதிகக் கதிர்வீச்சு, பலர் இறந்தார்கள். பிரான்ஸின் எபினாலில் 2004-2005-ல் நடந்த விபத்தில், புது சாஃப்ட்வேருக்கான கையேடு ஊழியர்களின் மொழியிலேயே இல்லை என்று தெரியவந்தது.

ஆனால் இந்த உதாரணங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பனாமாவில் கொன்றது வேகம் என்பதைவிட, எழுதப்படாத நடைமுறையும் சரிபார்க்க ஆள் இல்லாததும்தான். எந்த வேலையை யார் எப்போது முடிக்க வேண்டும், யார் இரண்டாவதாகப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்து அதன்படி நடப்பதுதான் ஒழுங்கு. அதே ஒழுங்குதான் தாமதத்தையும் குறைக்கும். மேஜையில் மூன்று வாரம் தூங்கிய ஃபைலுக்குக் கடைசி நாள் சாயங்காலம் அவசர அவசரமாகப் பிளான் போடுவார்கள் பாருங்கள், தப்பு நுழைகிற நேரம் அதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், இங்கே நடக்காது என்று பெருமூச்சு விடுபவர்கள் கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை போய் வரலாம். 2003 முதல் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை ஓடுகிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஒரு சர்ஜனுக்கு இரண்டு டேபிள். இதில் ஆபரேஷன் நடக்கும்போதே அதில் அடுத்தவர் தயாராகிவிடுவார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் வேலை ஆரம்பம். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர், மற்றதைப் பயிற்சி பெற்ற பெண்கள். கண்புரையும் புற்றுநோயும் ஒன்றல்ல, சரி. ஆனால் கரண்ட் ரூமில் கதிர் பாய்வது இரண்டு மூன்று நிமிஷம். சட்டை கழற்றி, செருப்பு கழற்றி, டேபிளில் ஏறி, இறங்கி, அடுத்தவரைக் கூப்பிட்டு, அவர் டீ குடிக்கப் போயிருந்தால் தேடி... அதற்குத்தான் மீதி எல்லாம். உடை மாற்ற இரண்டாவது அறை ஒன்று, அடுத்தவரைத் தயாராக வைக்க ஒரு அட்டெண்டர். லீனியர் ஆக்சிலரேட்டர் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

வைத்திக்குப்பத்து அம்மாவுக்குத் திரும்ப வந்தால், அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே முதல் கரண்ட் தேதியும், 25-வது கரண்ட் தேதியும், உள்ளே கருவி வைக்கும் தேதிகளும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அதற்குத் தியேட்டரும் மயக்க டாக்டரும் அன்றே புக் ஆக வேண்டும். வெளிக் கரண்ட் முடிந்த பிறகு 'இனிமே உள்ள வைக்கறதுக்கு டேட் வாங்கிக்கோங்க' என்று புது வரிசைக்கு அனுப்புவதில்தான் பலருக்கு எட்டு வாரம் பத்தாகிறது. ஸ்கேனிலிருந்து முதல் கரண்ட் வரை அவருடைய ஃபைல் இன்று யார் மேஜையில் இருக்கிறது என்பதற்குப் பெயரோடு ஒருவர் பதில் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும்.

அடுத்த தடவை எந்த ஊரிலாவது ரிப்பன் வெட்டும்போது நிருபர்கள் கோடிக் கணக்கை எழுதிக்கொள்ளட்டும். கூடவே இரண்டு கேள்வி கேட்கட்டும். போன மாதம் இங்கே ஸ்கேன் எடுத்தவர்கள் முதல் கரண்டுக்குச் சராசரியாக எத்தனை நாள் காத்திருந்தார்கள்? சிகிச்சை முடித்தவர்களில் எத்தனை பேருக்குக் குறித்த தேதியைத் தாண்டி இரண்டு நாளுக்கு மேல் போனது? பதில் கையில் இருந்தால் அங்கே இரண்டாவது மெஷினும் தாராளமாகக் கொடுக்கலாம்.